அம்மா அப்பாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷனா? தேதி வாங்கியதும் ஆரம்பிக்க வேண்டிய வேலைகள்

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியதும் குடும்பங்கள் செய்கிற முதல் வேலை பணம் புரட்டுவது. அடுத்தது யார் லீவு போடுவது, யார் ஊரிலிருந்து வருவது, ஆஸ்பத்திரியில் இரவு யார் தங்குவது என்று பேசி முடிப்பது. இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் ஆபரேஷன் யாருக்கோ, அவரிடம் மட்டும் யாரும் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள். "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க சிஸ்டர், பயந்துடுவாங்க" என்று காதோரம் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். ஆர்த்தோ வார்டில் வேலை பார்க்கிற எனக்கு இது பழகிப்போன வசனம். அந்த அம்மாவோ, பிள்ளைகள் கீழே போனதும் என்னைக் கூப்பிட்டு, "எலும்ப வெட்டி எடுத்துடுவாங்களாமே, நெசமா?" என்று கேட்பார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். அரைகுறையாக விழுந்திருக்கும், அதுதான் பிரச்சினை.

மூட்டு மாற்று என்பது அவசர ஆபரேஷன் இல்லை. பெரும்பாலும் நான்கைந்து வாரமாவது கையில் இருக்கும். அந்த நாட்களை நோயாளியோடு சேர்ந்து பயன்படுத்திக்கொண்டால், ஆபரேஷன் முடிந்து எழுந்து நடக்கிற கட்டம் நிச்சயம் சுலபமாகும்.

முதலில் பயத்தைப் பற்றிப் பேசுங்கள்

"பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்க மாட்டார். "எதை நினைச்சா பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். நாம் வலி என்று பதில் வரும் என எதிர்பார்ப்போம், வருவது வேறாக இருக்கும். நான் அதிகம் கேட்டது, "ஒண்ணுக்கு ரெண்டுக்கு எல்லாம் யாரு பாப்பா?" என்பதுதான். வயதான பெண்களுக்கு இது பெரிய கூச்சம், மகனிடம் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். சிறுநீருக்கு டியூப் போட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள், பெட்பேன் வைக்கப் பெண் ஊழியரைக் கேட்கலாம், நடக்க ஆரம்பித்ததும் வாக்கரோடு பாத்ரூமுக்கே போய்விடலாம். இதை முன்கூட்டிச் சொன்னாலே பாதி பயம் போய்விடும். சொல்லாமல் விட்டால் சில பேர் பாத்ரூம் போகக் கூடாது என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள், அது கெடுதல்.

அடுத்த பயம் மயக்க ஊசி. மூட்டு மாற்றுக்குப் பெரும்பாலும் முதுகுத்தண்டில் போடும் ஊசிதான், இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும். என்ன நடக்கும் என்று அப்படியே சொல்லிவிடுங்கள். உட்கார வைத்து, அல்லது பக்கவாட்டில் படுக்க வைத்து, முதுகைக் கூனச் சொல்வார்கள். முதுகில் மருந்து தடவும்போது ஜில்லென்று இருக்கும், அப்புறம் ஒரு சுருக். கொஞ்ச நேரத்தில் கால் சூடாகிக் கனத்துப்போகும், பிறகு அசைக்க வராது. ஆபரேஷன் முடிந்து சில மணி நேரம் வரை கால் அப்படியேதான் இருக்கும். இதை யாரும் சொல்லாததால், "காலு போச்சே" என்று ரெக்கவரி அறையில் அழுத பெரியவர்கள் உண்டு.

இன்னொன்று, ஊசி போட்ட பிறகு வலிதான் தெரியாது, காது கேட்கும். எலும்பை அறுக்கிற சத்தமும் சுத்தியல் சத்தமும் கேட்கும். வேண்டாம் என்றால் தூக்கத்துக்கு மருந்து தரச் சொல்லி மயக்க மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம், பெரும்பாலும் தருவார்கள்.

"முதுகுல ஊசி போட்டா காலத்துக்கும் முதுகு வலி" என்பது ஊரெல்லாம் இருக்கிற நம்பிக்கை. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம், சிலருக்குத் தலைவலி வரலாம், அது வந்தால் உடனே சொல்ல வேண்டும். ஆனால் வருடக்கணக்கான முதுகு வலிக்கு அந்த ஊசி காரணமில்லை.

அப்புறம், பார்க்க வருகிறவர்கள். "எங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான் பண்ணாங்க..." என்று ஆரம்பித்தாலே வேறு பேச்சுக்கு மாற்றிவிடுங்கள். பதிலாக, இதே ஆபரேஷன் செய்து இப்போது நன்றாக நடக்கிற ஒருவர் தெருவிலோ சொந்தத்திலோ இருந்தால் நேரில் வரச் சொல்லுங்கள். டாக்டர் அரை மணி நேரம் விளக்குவதை விட, அவர் சேலையைக் கொஞ்சம் உயர்த்தித் தழும்பைக் காட்டி "மொத பத்து நாள் உயிர் போகும், அப்புறம் சரியாப் போச்சு" என்று சொல்வது எடுபடும். வலியே இருக்காது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். முதல் வாரங்களில் வலி இருக்கும், அதற்கு மருந்தும் இருக்கும். பொய் சொல்லி அனுப்பினால் இரண்டாம் நாள் பிசியோதெரபிஸ்ட் வரும்போது அவர் யாரையும் நம்ப மாட்டார்.

நாள் நட்சத்திரம் பார்க்கிற வீடு என்றால் அதையும் தேதி குறிக்கும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அஷ்டமி நவமி வேண்டாம், ராகு காலம் வேண்டாம் என்றால் பல டாக்டர்கள் முடிந்தவரை ஒத்துப்போவார்கள். ஸ்ட்ரெச்சர் வந்து நிற்கும்போது "இன்னும் இருபது நிமிஷம் கழிச்சு" என்று சொன்னால்தான் எல்லாருக்கும் டென்ஷன்.

உடம்பைத் தயார் செய்ய

சர்க்கரைதான் முதல் விஷயம். மூன்று மாதச் சராசரி காட்டுகிற ஹெச்பிஏ1சி அதிகமாக இருந்தால் புண் ஆறுவது தாமதமாகும், செயற்கை மூட்டில் கிருமி தொற்றும் அபாயமும் கூடும். எட்டுக்கு மேல் இருந்தால் பல டாக்டர்கள் தேதியைத் தள்ளிவைப்பார்கள். அதற்காக ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னால் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துப் பட்டினி கிடப்பதில் பிரயோஜனமில்லை, உடம்பு தளர்ந்துபோகும். புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் என்று தினமும் ஏதாவது தட்டில் இருக்கட்டும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யவும். ரத்தம் குறைவு என்றால் இரும்புச்சத்து மாத்திரை வேலை செய்ய வாரங்கள் ஆகும், அதனால் ஹீமோகுளோபினை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். அந்த மாத்திரையைக் காபி டீயோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது.

பீடி சிகரெட் பிடிக்கிறவர் குறைந்தது நான்கு வாரம் முன்னால் நிறுத்த வேண்டும். உலக சுகாதார நிறுவனமே 2020ல் இதைச் சொன்னது, நான்கு வாரமோ அதற்கு மேலோ நிறுத்தியவர்களுக்குச் சிக்கல்கள் குறைவு. குடிப்பழக்கம் இருந்தால் எவ்வளவு என்று டாக்டரிடம் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். தினமும் குடிக்கிறவர் திடீரென்று ஆஸ்பத்திரியில் நான்கு நாள் குடிக்காமல் இருந்தால் கை நடுக்கம், பிதற்றல், வலிப்பு வரைக்கும் போகலாம். மனைவி, மகள் முன்னால் வைத்துக் கேட்டால் எந்த அப்பாவும் "எப்பவாவது" என்றுதான் சொல்வார். நீங்கள் வெளியே போய் நின்றுகொள்ளுங்கள்.

கிருமி விஷயம் மூட்டு மாற்றில் ரொம்ப முக்கியம். உடம்பில் எங்கே சீழ், எங்கே புண் இருந்தாலும் அது ரத்தம் வழியாகப் புது மூட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளலாம். சொத்தைப் பல் இருந்தால் இப்போதே பார்த்துவிடுங்கள். சிறுநீர் எரிச்சல் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம் பாதத்தை நல்ல வெளிச்சத்தில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள், அவர்களால் குனிந்து பார்க்க முடியாது. விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் ஆழமான பித்தவெடிப்பு, நகத்தோரம் சீழ். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று கேட்பீர்கள், இதற்காகவே அட்மிஷன் போட்ட பிறகு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மூட்டில் வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் எப்போது போட்டது என்பதையும் சொல்ல வேண்டும், மூன்று மாதத்துக்குள் என்றால் தொற்று அபாயம் அதிகம் என்று ஆபரேஷனைத் தள்ளிவைப்பார்கள்.

உடற்பயிற்சி என்றதும் "நடக்கவே முடியல, இதுல என்ன பயிற்சி" என்பார்கள். படுக்கையிலேயே செய்கிற பயிற்சிதான். காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அந்தத் துண்டை முழங்காலால் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லுங்கள். தொடைச் சதை இறுகுவது கை வைத்துப் பார்த்தால் தெரியும். ஐந்து எண்ணும் வரை பிடித்துவிட்டு விட வேண்டும், ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது இன்னொன்று, ஆபரேஷன் முடிந்ததும் காலில் ரத்தம் கட்டாமல் இருக்க முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். கைக்கும் பலம் வேண்டும், வாக்கரில் உடம்பின் பாரம் கையில்தான் விழும், அதனால் கைப்பிடி வைத்த நாற்காலியில் கையை ஊன்றி எழுந்து உட்கார்வதைப் பழகட்டும். வாக்கரையும் முன்னாலேயே வாங்கி வீட்டுக்குள் நடந்து பார்க்கட்டும். முதலில் வாக்கர், அப்புறம் ஆபரேஷன் கால், அப்புறம் நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். வலியோடு இதை முதல் தடவையாகக் கற்றுக்கொள்வது கஷ்டம்.

மூச்சுப் பயிற்சிக்கு என்று மூன்று பந்து இருக்கிற ஒரு பிளாஸ்டிக் கருவியை ஆஸ்பத்திரியில் தந்தால், பத்துப் பேரில் பாதிப் பேர் பலூன் ஊதுகிற மாதிரி ஊதுகிறார்கள். அது ஊதுவதற்கு இல்லை, குழாயை வாயில் வைத்து மூச்சை மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும், பந்து மேலே ஏறும், கொஞ்சம் பிடித்துவிட்டு விட வேண்டும். முன்பே வாங்கிப் பழகிவிட்டால் படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க உதவும்.

மாத்திரைகள்

மயக்க மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "காலைல ஒரு வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒரு சின்ன ரோஸ் கலர்" என்று சொன்னால் யாருக்கும் புரியாது. சித்தா, ஆயுர்வேத லேகியம், பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய், முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிய மாத்திரை எல்லாம் அந்தப் பையில் இருக்க வேண்டும். சிலது ரத்தம் உறைவதைப் பாதிக்கும்.

எதை நிறுத்துவது என்பதை நீங்களாக முடிவு செய்யவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற குளோபிடோக்ரல், வார்ஃபரின் மாதிரி மருந்துகளைச் சில நாள் முன்னால் நிறுத்தச் சொல்வது வழக்கம், ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை கூட நிறுத்தக் கூடாது. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அவற்றை மூன்று நாள் முன்னால் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். உடம்பு இளைக்கவோ சர்க்கரைக்கோ வாரம் ஒரு ஊசி போடுகிறவரும் சொல்ல வேண்டும், அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். தைராய்டு மாத்திரை, பிபி மாத்திரைகளில் சிலது ஆபரேஷன் அன்று காலையும் ஒரு வாய்த் தண்ணீரில் போடச் சொல்வார்கள், சிலதை வேண்டாம் என்பார்கள். எது எது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆடுகிற பல், பல் செட், முன்பு எப்போதாவது மயக்க மருந்தில் பிரச்சினை, குறட்டை, எந்த மருந்துக்காவது அலர்ஜி, இதெல்லாமும் இங்கேதான் சொல்ல வேண்டும்.

வீடும் பேப்பரும்

வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீடு என்றால் கமோட் சேர் ஒன்று வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ வைத்துவிடுங்கள். பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, வழியில் கிடக்கிற மிதியடி, வயர் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். தரையில் பாய் போட்டுப் படுக்கிற பழக்கம் இனி இல்லை, கட்டில் வேண்டும். மாடியில் இருந்தால் சில வாரம் கீழ் அறைக்கு மாறிக்கொள்வது நல்லது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்வதாக இருந்தால் (குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்) முன் அனுமதி வாங்க நாள் எடுக்கும், கார்டில் பெயர் சரியாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். தனியாரில் செய்தால், செயற்கை முழங்கால் மூட்டுக்கு 2017 ஆகஸ்டிலிருந்து மத்திய அரசின் உச்சவிலை உண்டு என்பது தெரிந்திருக்கட்டும். எந்தக் கம்பெனி மூட்டு, என்ன விலை என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

சம்மதப் படிவத்தில் பெரும்பாலும் மகனோ மருமகனோ கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். நோயாளி சுயநினைவோடு இருந்தால் அவர்தான் படித்துக் கையெழுத்திட வேண்டும். சமீரா கோலி வழக்கில் 2008ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது, ஒரு சிகிச்சைக்கு வாங்கின சம்மதம் வேறு ஆபரேஷனுக்குச் செல்லாது, போதுமான விவரம் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். தமிழில் படிவம் கேளுங்கள், படிக்கத் தெரியாதவர் என்றால் அவருக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

முந்தின நாளும் அன்று காலையும்

நகைப் பேச்சை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். வளையல், மெட்டி, அரைஞாண் கயிறு எல்லாம் கழற்ற வேண்டும், ரத்தப்போக்கை நிறுத்த மின்கருவி பயன்படுத்துவதால் உலோகம் இருந்தால் தோல் வெந்துபோகலாம், கை கால் வீங்கினால் மெட்டியும் மோதிரமும் இறுகிவிடும். முப்பது நாற்பது வருடமாகக் கழற்றாத மூக்குத்தியின் திருகு சோப்பு போட்டாலும் அசையாது. நாங்கள் வார்டில் அதோடு போராடுவதற்குப் பதில் ஒரு வாரம் முன்னால் நகை ஆசாரியிடம் கூட்டிப் போனால் இரண்டு நிமிட வேலை. தாலிதான் பெரிய விஷயம். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் முகம் தெரியாத ஒருவர் "தாலியைக் கழட்டுங்கம்மா" என்று சொன்னதும் பிபி எகிறிப்போன அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். கயிறு மட்டும் கட்டிக்கொள்ளலாமா, அதைக் கையில் சுற்றி பிளாஸ்டர் போட்டுவிடலாமா என்று முன்கூட்டிக் கேளுங்கள், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வழக்கம் மாறும். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வீட்டில் சாமி முன்னால் வைத்து அவர் கையாலேயே கழற்றட்டும்.

காலில் முடி இருந்தால் வீட்டில் பிளேடு, ரேசர் எதையும் வைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், கிருமிக்கு அதுவே வழி. தேவை என்றால் ஆஸ்பத்திரியில் கிளிப்பர் வைத்து எடுப்பார்கள். முந்தின இரவும் காலையும் சோப்பு போட்டுக் குளிக்க வேண்டும், குளித்த பிறகு கிரீம், பவுடர், விபூதிப் பட்டை எதுவும் காலில் வேண்டாம். நெயில் பாலிஷ், விரலில் மருதாணி வேண்டாம், விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கிளிப் சரியாகக் காட்டாமல் போகலாம்.

வெறும் வயிறு என்றால் திட உணவு ஆறு மணி நேரம் முன்னால் நிற்க வேண்டும், எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் எட்டு மணி நேரம். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை பொதுவாகப் பரவாயில்லை, ஆனால் உங்கள் ஆஸ்பத்திரி சொல்கிற நேரத்தைத்தான் கடைப்பிடிக்க வேண்டும். பால் கலந்த காபி, டீ திட உணவுக் கணக்கில் வரும். "பாவம், ஒரு வாய் காபிதானே" என்று பாசத்தில் கொடுத்துவிடுவார்கள், ஆபரேஷன் சாயங்காலத்துக்கோ அடுத்த நாளுக்கோ போகும். கொடுத்துவிட்டு மறைப்பது அதைவிட ஆபத்து, மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம். சர்க்கரை உள்ளவருக்கு வெறும் வயிற்றில் வேர்த்து நடுங்கினால் நீங்களாகச் சர்க்கரை கொடுக்காதீர்கள், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

தியேட்டருக்குப் போகும் வழியில் ஒவ்வொருவராக வந்து பேர் என்ன, எந்தக் கால் என்று கேட்பார்கள், மார்க்கர் பேனாவால் காலில் அடையாளம் போடுவார்கள். "எத்தனை தடவ கேப்பாங்க, இவங்களுக்கே தெரியாதா" என்று பெரியவர்கள் எரிச்சல்படுவார்கள், சிலர் பயந்தும் விடுவார்கள். ஆள் மாறாமல், கால் மாறாமல் இருக்கத்தான் அத்தனை கேள்வியும், உலகம் முழுக்க 2008லிருந்து இதற்கென்றே ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பொறுமையாக வாய்விட்டுப் பதில் சொல்லச் சொல்லுங்கள். உள்ளே ஏசி குளிர் அதிகம், நடுங்கினால் போர்வை கேட்கலாம்.

வயதானவர்களின் குடும்பத்துக்குக் கடைசியாக ஒன்று. ஆபரேஷன் முடிந்த முதல் ஒன்றிரண்டு இரவுகளில் சிலருக்குக் குழப்பம் வரும். இருக்கிற இடம் தெரியாது, செத்துப்போனவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார், டிரிப்ஸைப் பிடுங்குவார். பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். பேய் பிடித்துவிட்டது, மூளை பாதித்துவிட்டது என்று நீங்கள் அவர் எதிரிலேயே அழாதீர்கள். கண்ணாடியையும் காது மெஷினையும் வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள், தியேட்டரிலிருந்து வந்ததும் மாட்டிவிடுங்கள். பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும், இரவில் பழகின முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், இன்றைக்கு என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே இருங்கள். புதிதாகக் குழப்பம் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் டியூட்டி நர்ஸிடம் சொல்லுங்கள், சோடியம் குறைவா, சர்க்கரையா, சிறுநீர் கட்டியிருக்கிறதா, காய்ச்சலா என்று அன்றிரவே பார்க்க வேண்டியிருக்கும்.